மருத்துவப் படிப்பும் வீட்டுச் சுவரில் ஓர் அட்டவணையும்

"என் பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டும்" என்று சொல்லாத பெற்றோர் நம் தோட்டப்புறங்களில் குறைவு. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இந்த ஆசை மாறாமல் இருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் அந்த ஆசைக்கு நாளும் மணியும் குறித்து வழி வகுத்திருக்கிறோமா என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வருவதில்லை. மருத்துவப் படிப்பை நாடும் ஒரு மாணவர் தம் நேரத்தை எப்படித் திட்டமிட வேண்டும், அதில் வீட்டார் பங்கு என்ன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு ஏதோ ஒருநாள் நுழைவுத் தேர்வு உண்டு, அன்றைக்கு நன்றாக எழுதிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்திற்கு அப்படி ஒருநாள் எழுத்துத் தேர்வு இல்லை. ஆறாம் படிவம் போகும் மாணவருக்கு எஸ்.டி.பி.எம். தேர்வுதான் நுழைவாயில். அதில் பெறும் புள்ளிகளை வைத்தே விண்ணப்பத்தைப் பார்க்கிறார்கள். அதன்பின் நேர்முகத் தேர்வு வருகிறது.

இந்த எஸ்.டி.பி.எம். தேர்வு 1982-ஆம் ஆண்டில் பழைய எச்.எஸ்.சி. தேர்வுக்குப் பதிலாக வந்தது. பல ஆண்டுகள் வரை ஆறாம் படிவத்தின் இறுதியில் ஒரே மூச்சில் எழுதும் தேர்வாக அது இருந்தது. 2012-ஆம் ஆண்டு முதல் அந்த முறை மாறிவிட்டது. இப்போது ஆறாம் படிவம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தவணையின் முடிவிலும் தேர்வு நடக்கிறது. மூன்று தவணைப் புள்ளிகளும் பள்ளியில் செய்யும் செய்முறைப் பணிக்கான புள்ளிகளும் சேர்ந்துதான் ஒரு பாடத்தின் இறுதித் தகுதியை முடிவு செய்கின்றன.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. "பெரியண்ணன் படித்த காலத்தில் முதல் வருஷம் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். கடைசி ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிட்டான்" என்று வீட்டில் பேசிக்கொள்வது உண்டு. அந்தக் காலத்திற்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று பொருந்தாது. ஆறாம் படிவத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் தவணைத் தேர்வு வந்துவிடுகிறது. புதிய பள்ளி, புதிய நண்பர்கள் என்று அந்த மாதங்களைக் கழித்துவிட்ட மாணவர், மூன்றில் ஒரு பங்கைக் கைவிட்டவர் ஆகிறார். மறுதேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஆனால் அதையும் அடுத்து வரும் பாடங்களின் சுமையோடு சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். ஆகவே அட்டவணை போட வேண்டிய நாள், ஆறாம் படிவம் தொடங்கும் முதல் வாரம்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. நான்காம் படிவத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய பாடங்களை எடுத்து, எஸ்.பி.எம். தேர்வில் அவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கான அடிப்படைத் தகுதியை வகுக்கும் மலேசிய மருத்துவ மன்றம் எஸ்.பி.எம். தேர்ச்சியையும் பார்க்கிறது. எனவே மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளை எந்தப் பாடங்களை எடுக்கப் போகிறது என்பதைப் பெற்றோர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் கேட்டறிய வேண்டும். மெட்ரிகுலேஷன் வகுப்பும் ஒரு வழிதான். எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி அதில் இடம் தரப்படும் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. அதுவும் கால அவகாசம் குறைந்த படிப்பு என்பதால், இங்கே சொல்லப்போகும் அட்டவணை முறை அதற்கும் உதவும்.

இனி அட்டவணைக்கு வருவோம்.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். துரை வீட்டுப் பிள்ளைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு இல்லை. சம்பள நாளில் கடைக் கணக்கு, சீட்டுப் பணம், பஸ் காசு என்று பிரித்து வைப்பதைப்போல இந்த 168 மணியையும் பிரித்துப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு 7 மணி நேரத் தூக்கம், வாரத்திற்கு 49. பஸ் பயணத்தோடு சேர்த்துப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம். ஐந்து நாளைக்கு 45. சாப்பாடு, குளியல், உடை, வழிபாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 மணி, வாரத்திற்கு 21. வீட்டு வேலைக்கு வாரம் 10 மணி. ஆக 125 மணி போய்விட்டது. எஞ்சுவது 43 மணி. அதில் 27 மணியைப் படிப்புக்கு ஒதுக்குவோம். மீதி 16 மணி ஓய்வுக்கும், விளையாட்டுக்கும், புறப்பாட நடவடிக்கைக்கும், கோயில் குளம், உறவினர் வருகைக்கும் இருக்கட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படும்போது 90 கல்வித் தேர்ச்சிக்கும் 10 புறப்பாடத்திற்கும் தரப்படுகிறது. ஆகவே விளையாட்டையும் கழகங்களையும் அடியோடு விட்டுவிடக் கூடாது.

தூக்கத்தை வெட்டிப் படிப்பில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது வேண்டாம். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் தூக்கத்திற்கு முக்கியப் பங்கு உண்டு. பால்மரம் சீவுகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அதிகப் பால் வேண்டும் என்று கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் வரலாம். பட்டை காயப்பட்டு மரம் கெட்டுவிடும். மெல்லிசாகச் சீவி, மரத்திற்கு ஓய்வும் கொடுத்தால்தான் ஆண்டுக்கணக்கில் பால் கிடைக்கும். ஒன்றரை ஆண்டுப் படிப்பும் அப்படித்தான்.

இந்த 27 மணியை எப்படிப் பங்கிடுவது? உயிரியலுக்கு 6, வேதியியலுக்கு 6, இயற்பியல் அல்லது கணிதத்திற்கு 6, பெங்காஜியான் ஆம் எனும் பொதுப் பாடத்திற்கு 4, மூயெட் ஆங்கிலத் தேர்வுக்கு 3. மீதி 2 மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமையில் வெறுமையாக விட்டு வைக்க வேண்டும். வாரத்தில் காய்ச்சல் வரும், பஸ் கெட்டுப்போகும், வீட்டில் விசேஷம் வரும். அப்படித் தவறிய பாடத்தை இந்த 2 மணியில் ஈடு செய்துகொள்ளலாம். இடைவெளியே இல்லாத அட்டவணை இரண்டாவது வாரத்திலேயே கிழிந்துவிடும்.

பொதுப் பாடத்திற்கு 4 மணி அதிகம் என்று தோன்றும். "டாக்டருக்கு இது எதற்கு?" என்று மாணவர்களே கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்.டி.பி.எம். தேர்வின் மொத்தப் புள்ளிச் சராசரி நான்கு பாடங்களை வைத்துக் கணிக்கப்படுகிறது. பொதுப் பாடம் கட்டாயமாக அவற்றில் ஒன்று. ஏ என்றால் 4.00, பி பிளஸ் என்றால் 3.33. மூன்று அறிவியல் பாடங்களிலும் ஏ வாங்கிய மாணவர் பொதுப் பாடத்தில் பி பிளஸ் வாங்கினால், அவருடைய சராசரி 4.00-இலிருந்து 3.83-ஆக இறங்கிவிடும். வேதியியலில் சறுக்கினாலும் அதே நட்டம்தான். மருத்துவத்திற்குப் போட்டி கடுமையாக இருக்கும்போது இந்த இறக்கம் சிறியதன்று.

இப்போது ஒரு பள்ளி நாளைப் பார்ப்போம். காலை 5 மணிக்கு எழுவது. பெரட்டுக்குப் போகும் வீட்டில் அந்த நேரத்தில் எப்படியும் விளக்கு எரியும். 5.15 முதல் 5.45 வரை முதல் நாள் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதுவது. குளித்து உடுத்தி 6.15-க்குப் புறப்படுவது. பிற்பகல் 3.15-க்கு வீடு திரும்பி, சாப்பிட்டுச் சற்று ஓய்வு. 4.30 முதல் 6 வரை வீட்டு வேலை. பிறகு குளியல், விளக்கேற்றி வழிபாடு. 6.45 முதல் 8.15 வரை ஒரு பாடம். இரவுச் சாப்பாடு. 8.45 முதல் 9.45 வரை இன்னொரு பாடம். 10 மணிக்குப் படுக்கை. இப்படி நாளுக்கு 3 மணியாக ஐந்து நாளில் 15 மணி ஆகிறது. சனிக்கிழமை 7, ஞாயிற்றுக்கிழமை 5. கூட்டினால் 27.

இந்த நேரங்கள் எல்லா வீட்டுக்கும் பொருந்தா. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவருக்கு ஒரு மாதிரி, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்யும் தாயின் வீட்டில் வேறு மாதிரி. மணியை மாற்றிக்கொள்ளுங்கள், மொத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

இங்கே வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன கணக்கில் வீட்டு வேலைக்கு வாரம் 10 மணி என்று வைத்தோம். பையனுக்கு அது 10 மணிக்கும் குறைவாகவே இருக்கும். மூத்த பெண்பிள்ளையாக இருந்தால் கதை வேறு. சமையல், துணி துவைத்தல், தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டுதல் என்று 20 மணி, 25 மணி கூடப் போய்விடும். அந்தக் கூடுதல் மணி எங்கிருந்து வருகிறது? அவளுடைய 27 மணியிலிருந்துதான் வருகிறது. பிறகு "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்வது நியாயமாகாது. தகப்பனார் ஒரு வேலையை, தம்பி ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அந்த மணிகள் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே அட்டவணையை மாணவர் தனியே எழுதி மேசைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் அனைவரும் உட்கார்ந்து பேசி, எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அது வீட்டார் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்தம். 6.45 மணிக்கு விருந்தாளி வந்தால் தேநீர் கலக்க இன்னொருவர் எழுந்திருப்பார். தொலைக்காட்சி ஓசை குறையும். மாணவரின் கைத்தொலைபேசி அந்த இரண்டரை மணி நேரமும் சமையலறை அலமாரியில் இருக்கும்.

அடுத்து, அந்த மணி நேரத்தில் என்ன செய்வது என்பது. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற எழுத்துச் சேர்க்கைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களிலும் முதல் சில நாள்களிலுமே அதிகம் என்று அவர் கண்டார். ஆதலால் ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு முறை படிப்பதைவிட, மறுநாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை என்று இடைவெளி விட்டுப் படிப்பது மேல்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கே பயன்படும். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்களையும், வாசித்தபின் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே மேலாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை; வாரங்கள் கழித்துத்தான் வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதே உண்மையான படிப்பு என்பது இதனால் விளங்கும்.

இந்த இடத்தில்தான் எழுத்தறியாத பெற்றோரும் ஆசிரியராகலாம். "இன்றைக்கு என்னம்மா படித்தாய்? புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விளக்கட்டும். எங்கே தடுமாறுகிறதோ அங்கே மறுபடி படிக்க வேண்டும் என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, பால்மரத்தை ஏன் விடியற்காலையில் சீவுகிறோம்? குளிர்ந்த நேரத்தில் மரத்தில் நீர் நிறைந்திருக்கும். உள்ளே அழுத்தம் மிகுதியாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகி அழுத்தம் குறையும். தகப்பனார் காட்டில் கண்டறிந்த இந்த உண்மைதான், பிள்ளையின் உயிரியல் புத்தகத்தில் தாவரங்களின் நீரோட்டம் என்ற பாடமாக இருக்கிறது. இருவரும் பேசிக்கொண்டால் பாடம் எளிதில் மறக்காது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மலை, மொழி. தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, ஆறாம் படிவ அறிவியலில் ஆங்கிலத்தையும் கையாள வேண்டியிருக்கிறது. இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிடுங்கள். இதயம், ஜந்துங், ஹார்ட். நுரையீரல், பாரு-பாரு, லங்ஸ். சிறுநீரகம், புவா பிங்காங், கிட்னி. கல்லீரல், ஹாத்தி, லிவர். நாளுக்கு ஐந்து சொல் எழுதினால் ஓர் ஆண்டில் ஆயிரத்து எண்ணூறு சொல்லுக்கு மேல் சேர்ந்துவிடும். தமிழில் புரிந்த கருத்து மற்ற மொழிகளில் புதிய பெயரைத்தான் பெறுகிறது. கருத்தை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. மூயெட் தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள் உண்டு. நாள்தோறும் கால் மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்பதும் அதற்குப் பயிற்சியே.

ஒரு தவணையை எப்படிப் பிரிப்பது? தேர்வுக்கு 16 வாரம் இருப்பதாகக் கொள்வோம். முதல் 10 வாரம் பள்ளியில் நடக்கும் பாடத்தோடு ஒட்டிப் படித்துக் குறிப்பெடுப்பது. அடுத்த 4 வாரம் பழைய தேர்வுத் தாள்களைத் தலைப்பு வாரியாகச் செய்வது. கடைசி 2 வாரம் முழுத் தாளையும் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது. ஒவ்வொரு தவணைக்கும் பாடப்பகுதி வேறு. உயிரியலை எடுத்துக்கொண்டால், முதல் தவணையில் உயிர் மூலக்கூறுகளும் வளர்சிதை மாற்றமும், இரண்டாம் தவணையில் உடலியங்கியல், மூன்றாம் தவணையில் சூழலியலும் மரபியலும் வருகின்றன. பழைய தாள்களை வாங்க இயலாதவர் பள்ளி நூலகத்திலும் மூத்த மாணவர்களிடமும் கேட்டுப் பெறலாம்.

2012-இல் வந்த முறைப்படி, அறிவியல் பாடத்தின் தவணைத் தாளுக்கு ஒன்றரை மணி நேரம், 60 புள்ளி. பதினைந்து பல்தேர்வுக் கேள்விகளுக்கு 20 நிமிடம், 15 புள்ளிக்கான குறுவிடைப் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டு கட்டுரைக் கேள்விகளுக்கு 22 நிமிட வீதம் 44 நிமிடம், சரிபார்க்க 6 நிமிடம் என்று பழகிக்கொள்ள வேண்டும். நன்கு படித்த மாணவரும் கடைசிக் கட்டுரையை முடிக்காமல் விட்டால் அந்தப் படிப்பு தாளில் தெரியாது.

இறுதியாக, மனத்தைத் தேற்றும் சொல் ஒன்று. இவ்வளவும் செய்த பிறகும் மருத்துவத்தில் இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம். ஆகவே விண்ணப்பம் செய்யும்போதே மருந்தியல், பல் மருத்துவம், உடற்பயிற்சி மருத்துவம், தாதியர் பணி, அறிவியல், ஆசிரியர் பணி முதலிய படிப்புகளையும் மனத்தில் கொள்ளுங்கள். நல்ல புள்ளி பெற்ற பிள்ளைக்கு இந்தக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். மருத்துவம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவர் என்று ஊரார் முன்னால் பேசாதீர்கள். ஒன்றரை ஆண்டு நேரம் தவறாமல் உழைக்கக் கற்ற பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். முதலில் தூக்கத்தை எழுதுங்கள், பிறகு பள்ளியை, பிறகு வீட்டு வேலையை. யார் எந்த வேலையைச் செய்வது என்பதையும் பெயரோடு எழுதுங்கள். மீதியுள்ள கட்டங்களில் பிள்ளை தன் பாடங்களை எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.